ஆலைக்கு இடம் பார்க்கும் முன்: கொங்கு நாட்டில் தண்ணீரும் காற்றும் போகும் வழி பார்த்து முடிவெடுக்க ஒரு முழு வழிகாட்டி

சென்னிமலைக்குப் பக்கத்தில் நொய்யலின் குறுக்கே ஒரத்துப்பாளையம் அணை இருக்கிறது. 1992இல் பாசனத்துக்காகக் கட்டியது. ஆனால் அதில் வந்து தேங்கியது திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் உப்புத் தண்ணீர். தேக்கி வைத்தால் சுற்றுப்பட்டுக் கிணறுகள் கெட்டன; திறந்து விட்டால் கீழே கரூர் வரை வயல் கெட்டது. அணையில் தண்ணீர் நிறுத்தவே வேண்டாம் என்று விவசாயிகளே கேட்கும் நிலை வந்தது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது எழுநூற்றுக்கும் மேற்பட்ட பட்டறைகள் நின்றுபோயின. முதலாளி, தொழிலாளி, விவசாயி என்று அடிபடாதவர் யாரும் இல்லை.

அந்தக் கரையில் நின்று பார்த்தவர்களுக்கு ஒன்று புரியும். பட்டறை வைத்தவர்கள் யாரும் ஊரைக் கெடுக்க வேண்டும் என்று கிளம்பியவர்கள் இல்லை. இடம் பார்க்கும்போது மின்சாரம் இருக்கிறதா, லாரி வருமா, ஆள் கிடைக்குமா, விலை படியுமா என்று பார்த்தார்கள். இங்கிருந்து வெளியே போகும் தண்ணீர் யார் தோட்டத்துக்குப் போகும் என்று மட்டும் பார்க்கவில்லை. சுத்திகரிப்பு நிலையத்தைப் பின்னால் கூடப் பெரிதாகக் கட்டிக்கொள்ளலாம், இயந்திரத்தை மாற்றலாம். ஆலை உட்கார்ந்த இடத்தை மாற்ற முடியாது. அதனால் பத்திரம் பதியும் முன் செய்ய வேண்டிய வேலைகளை நான் செய்யும் வரிசையிலேயே எழுதுகிறேன்.

முதல் வேலை: என்ன வெளியே போகும் என்று கணக்குப் போடுங்கள்

நிலத்தைப் பார்க்கப் போவதற்கு முன் ஒரு தாளை எடுத்து, உள்ளே என்ன வருகிறது, வெளியே என்ன போகிறது என்று எடை போட்டு எழுதுங்கள். உதாரணத்துக்குப் பருத்திப் பின்னலாடைக்குச் சாயம் போடும் பட்டறையை எடுத்துக்கொள்வோம். ரியாக்டிவ் சாயம் துணியில் ஏற உப்பு வேண்டும். ஒரு கிலோ துணிக்கு 8 லிட்டர் தண்ணீர், லிட்டருக்கு 60 கிராம் உப்பு என்று வைத்தால், கிலோவுக்கு 480 கிராம் உப்பு ஆகிறது. தினம் 5 டன் துணி ஓட்டினால் 2.4 டன் உப்பு. இதில் துணியோடு போவது அநேகமாக ஒன்றும் இல்லை. அத்தனையும் தண்ணீரில்தான் இருக்கும். நிறத்தை எடுக்கலாம், நாற்றத்தை எடுக்கலாம். உப்பைப் பாக்டீரியா தின்னாது. சவ்வு வழியாக நீரை வடிக்கும் ஆர்.ஓ. வைத்துப் பிரித்து, எவாப்பரேட்டரில் காய்ச்சி எடுத்தாலும் கடைசியில் உப்பு மூட்டையாக உங்கள் கொட்டகையில்தான் நிற்கும். அந்த மூட்டைக்கும் இடம் வேண்டும். மழையில் நனையாத இடமாக வேண்டும்.

இப்படி ஒவ்வொரு தொழிலுக்கும் ஒரு கணக்கு உண்டு. சேலம், நாமக்கல் பக்கம் ஜவ்வரிசி ஆலை என்றால் மாவுச்சத்து கலந்து புளித்த தண்ணீரும் அதன் நாற்றமும். கோவை ஃபவுண்டரி, அதாவது இரும்பு வார்ப்பு ஆலை என்றால் கரிந்த மணலும் புகையும். பொள்ளாச்சிப் பக்கம் தென்னை நார் ஆலையைப் பல பேர் பாவம், அது இயற்கைப் பொருள்தானே என்று நினைத்தார்கள். ஆனால் நார்த்தூளில் இயல்பாகவே பொட்டாசியம், சோடியம் உப்புகள் இருக்கின்றன. ஏற்றுமதிக்குக் கட்டி போடும் முன் அதைக் கழுவுவதால், பழுப்பு நிற உப்புத் தண்ணீர் வெளியே வருகிறது. காற்றில் தூசியும் பறக்கிறது. மாசு அநேகமாக இல்லை என்ற வெள்ளைப் பட்டியலில் இருந்த நார் ஆலைகளை 2021இல் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நடுத்தர மாசுக்கான ஆரஞ்சுப் பட்டியலுக்கு மாற்றியது. சிவப்பு, ஆரஞ்சு, பச்சை, வெள்ளை போன்ற இந்த வகைகளில் உங்கள் தொழில் இன்று எதில் இருக்கிறது என்று வாரியத்தின் மாவட்ட அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நாளை ஒரு படி ஏறினாலும் அந்த இடம் தாங்குமா என்றும் சேர்த்து யோசியுங்கள்.

இரண்டாவது: சட்டம் போட்ட கோடு

இது சுருக்கமான வேலைதான், ஆனால் இதைத் தவறவிட்டால் மற்ற எல்லாம் வீண். அதிகம் மாசுபடுத்தும் தொழில்களை ஆறு, ஓடை, அணைக் கரைகளிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் வைக்கக் கூடாது என்று தமிழ்நாடு அரசு 1989இல் ஆணை போட்டது. 1998இல் இன்னொரு ஆணை: காவிரியும் அதன் துணை ஆறுகளும், பாலாறு, பெண்ணையாறு, வைகை, தாமிரபரணி ஆகியவற்றுக்கு அந்தத் தூரம் 5 கிலோமீட்டர். கொங்கு நாட்டுக்காரர்கள் இதைக் கவனமாகப் படிக்க வேண்டும். பவானி, நொய்யல், அமராவதி மூன்றுமே காவிரியில் சேருபவை. வரைபடத்தில் இந்த ஆறுகளின் இரு கரையிலும் ஐந்து ஐந்து கிலோமீட்டருக்குக் கோடு போட்டுப் பாருங்கள், எவ்வளவு நிலம் உள்ளே போய்விடுகிறது என்று. புரோக்கர் காட்டும் மலிவான நிலம் பல சமயம் அந்தக் கோட்டுக்குள்தான் இருக்கும்.

மூன்றாவது: பள்ளம் எந்தப் பக்கம் என்று பாருங்கள்

எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் முக்கியமான வேலை. நம் பக்கத்தில் ஓடையைப் பள்ளம் என்கிறோம். ஈரோட்டுப் பெரும்பள்ளம், கோவைச் சங்கனூர்ப் பள்ளம் எல்லாம் அப்படி வந்த பெயர்கள்தான். வருடத்தில் பத்து மாதம் காய்ந்து, வேலிக்கருவை முளைத்துக் கிடப்பதால் அதை யாரும் நீர்வழி என்றே நினைப்பதில்லை. ஐப்பசியில் ஒரே ராத்திரி பெய்தால் போதும், அது ஆறாகிவிடும்.

சில வருடங்களுக்கு முன் ஒரு நண்பருக்காகக் காங்கேயம் பக்கம் நாலு ஏக்கர் பார்க்கப் போனேன். மேடான நிலம், தார் ரோட்டை ஒட்டியது, மின்கம்பம் வாசலிலேயே. எனக்கே பிடித்துவிட்டது. கிழக்கு எல்லையில் ஒரு பெரியவர் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தார். "ஏனுங்க தம்பி, மோட்டுலயா கட்டறீங்க?" என்றார். ஆமாங்கய்யா, மேடுதானே நல்லது என்றேன். "உங்களுக்கு நல்லதுதானுங்க. மழை பேஞ்சா இது பூராத் தண்ணியும் என்ற தோட்டத்து வழியாத்தான போவும்?" என்று கையிலிருந்த தொரட்டிக் கோலால் ஒரு கோடு காட்டினார். அந்தக் கோட்டைப் பிடித்து நடந்தேன். முதலில் அவர் கிணறு, அப்புறம் ஒரு தென்னந்தோப்பு, அதற்கப்புறம் ஊர்க் குட்டை. கால் மணி நேரம்கூட ஆகவில்லை. நண்பர் அந்த நிலத்தை விட்டுவிட்டார். இன்றும் யார் கேட்டாலும் அந்த நடையைத்தான் முதலில் நடக்கச் சொல்கிறேன்: நிலத்தின் தாழ்ந்த மூலையில் ஆரம்பித்து, தண்ணீர் போகும் பக்கமாக, முதல் குளமோ ஆறோ வரும் வரை.

நடப்பதற்கு முன் காகிதங்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள். கிராம வரைபடம், அந்தச் சர்வே எண்ணின் எஃப்.எம்.பி. என்ற அளவு வரைபடம், எந்த நிலம் என்ன வகை என்று சொல்லும் அ-பதிவேடு மூன்றும் வேண்டும். பட்டாவை மட்டும் பார்த்துத் திருப்தி அடையாதீர்கள். பக்கத்துச் சர்வே எண் ஓடைப் புறம்போக்கா, குட்டையா, வண்டிப்பாதையா என்று அ-பதிவேட்டில்தான் தெரியும். நேரில் பார்க்கும்போது அந்த ஓடை சமமாக உழப்பட்டிருக்கலாம். உழுதவருக்குப் பயந்து தண்ணீர் வழி மாறுவதில்லை. கூகுள் எர்த்தில் பழைய வருடப் படங்களைப் பின்னோக்கித் தள்ளிப் பார்த்தால், மழை நல்லபடி பெய்த வருடங்களில் ஈரம் எங்கே நின்றது என்று தெரிந்துவிடும்.

காய்ந்த குட்டைதானே என்றும் நினைக்காதீர்கள். 2024 ஆகஸ்டில் அத்திக்கடவு–அவினாசித் திட்டம் தொடங்கி வைக்கப்பட்டது. காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே பவானியின் உபரி நீரை 1.5 டி.எம்.சி. எடுத்து, ஈரோடு, திருப்பூர், கோவை மாவட்டங்களில் 1,045 குளம் குட்டைகளை நிரப்பும் திட்டம் அது. நேற்று வரை கிரிக்கெட் ஆடிய குட்டையிலிருந்து இன்று சுற்றுக் கிணறுகளுக்கு ஊற்று போகிறது. அதற்கு மேட்டில் ஆலை வைப்பவர் அந்த ஊற்றுக்கும் சேர்த்துப் பொறுப்பாகிறார்.

வாய்க்கால் பாசனப் பகுதியில் இன்னும் ஒரு கூர்மை வேண்டும். கீழ்பவானி வாய்க்காலை ஒட்டிய கிணறுகள் பல அதன் கசிவு நீரால் நிறைபவை. வாய்க்காலுக்குக் கீழ்ப்புறத்தில் நீர்மட்டம் மேலேயே நிற்கும். அங்கே கழிவுத் தொட்டி தோண்டினால், தொட்டியின் அடிக்கும் நிலத்தடி நீருக்கும் இடையில் சில அடிதான் மிஞ்சும். தொட்டியில் ஒரு விரிசல் விட்டாலே போதும். மேல்புறத்தில் வைத்தால் வழிந்தது வாய்க்காலிலேயே விழும். பதின்மூன்றாம் நூற்றாண்டில் வெட்டிய காலிங்கராயன் வாய்க்காலில் ஈரோட்டுத் தோல், சாயக் கழிவுகள் கலந்து, கடைசியில் கழிவுக்கென்று பக்கத்திலேயே ஒரு பேபி வாய்க்கால் கட்ட வேண்டியதாயிற்று.

நான்காவது: கிணற்றுக்கு ஜாதகம் எழுதுங்கள்

நம் மண்ணுக்கு அடியில் இருப்பது கெட்டிப் பாறை. மேலே கொஞ்சம் செம்மண்ணோ கரிசலோ, அதற்குக் கீழே சுக்கான், அப்புறம் உளுத்த பாறை, அதற்கும் கீழே வெடிப்புகள். தண்ணீர் அந்த வெடிப்பு வழியாகத்தான் ஓடும். அதனால்தான் ஒரு தோட்டத்தில் போர் போட்டால் ஆயிரம் அடிக்கும் தண்ணீர் இல்லாமல் பாறைத்தூள் புகைதான் வருகிறது, பக்கத்துத் தோட்டத்தில் முந்நூறு அடியில் தண்ணீர் வருகிறது. கழிவுக்கும் இதே கதைதான். ஒட்டியிருக்கும் கிணறு நன்றாக இருக்கும். ஒரு வெடிப்பு இழுத்துக்கொண்டு போனால் தூரத்துப் போர்வெல் கெட்டிருக்கும். மேலே நிலம் சரியும் பக்கத்தை வைத்து மட்டும் அடியில் நடப்பதைச் சொல்ல முடியாது.

ஆகவே உங்கள் நிலத்தைச் சுற்றி நாலு திசையிலும் கிணறு, போர்வெல் இரண்டையும் கணக்கெடுங்கள். ஆழம் எவ்வளவு, தண்ணீர் எத்தனை அடியில் நிற்கிறது, எதற்குப் பயன்படுத்துகிறார்கள் என்று எழுதுங்கள். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டர் ஒன்றை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். வாளியில் மொண்டு, முக்கி, எண்ணைக் குறிக்க ஒரு நிமிடம் போதும். குடிநீருக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை நல்லது, வேறு வழி இல்லையென்றால் 2,000 வரை என்பது இந்தியத் தர அளவு. மீட்டர் காட்டுவது முதல் பார்வைக்குத்தான். சந்தேகம் உள்ள கிணறுகளின் நீரைக் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வுக்கூடத்திலோ கோவை வேளாண் பல்கலைக்கழகத்திலோ கொடுத்து முழுச் சோதனை செய்யுங்கள். ஒரு தடவை போதாது. சித்திரை, வைகாசியில் தண்ணீர் வற்றிக் கெட்டியாக இருக்கும்போது ஒன்று, கார்த்திகை, மார்கழியில் மழை நீர் இறங்கிய பின் ஒன்று.

உங்கள் குறுவட்டத்தின், அதாவது சில வருவாய்க் கிராமங்கள் சேர்ந்த பிரிவின், நிலத்தடி நீர் எந்த நிலையில் இருக்கிறது என்றும் பாருங்கள். மழையால் ஊறுவதைவிட அதிகமாக இறைத்தால், அதாவது நூறு சதவீதத்தைத் தாண்டினால், அதிகம் உறிஞ்சப்பட்ட பகுதி என்று வகைப்படுத்துவார்கள். கோவை, திருப்பூர், சேலம், நாமக்கல் பக்கம் இப்படிப் பல குறுவட்டங்கள் இருக்கின்றன. அங்கே தண்ணீர் கிடைக்காது என்பது ஒரு பிரச்சினை. கெட்ட நீர் கொஞ்சம் இறங்கினாலும் அதைக் கரைத்து மட்டுப்படுத்த நல்ல நீர் அடியில் இல்லை என்பது அதைவிடப் பெரிய பிரச்சினை.

இன்னொன்று. வாங்கும் நிலத்தில் காய்ந்துபோன போர்வெல் இருந்தால் எண்ணி, குறித்து, முறையாக அடைத்துவிடுங்கள். திறந்திருக்கும் ஒரு காய்ந்த குழாய், மேலே வழிந்த எதையும் நேராக எல்லோருடைய ஊற்றுக்கும் கொண்டு போய்ச் சேர்க்கும் பாதை. அதில் கழிவைத் தெரிந்தே இறக்குபவர்களும் உண்டு என்பதை நினைத்தால் வயிறு எரிகிறது.

ஐந்தாவது: ஆடிக் காற்றும் மார்கழிப் பனியும்

பாலக்காட்டுக் கணவாய் நமக்குக் கொடுத்த கொடை இந்தக் காற்று. வைகாசி கடைசியிலிருந்து ஆவணி வரை மேற்கிலிருந்து அடித்துத் தள்ளும். பல்லடம், உடுமலைப் பக்கம் காற்றாலைகள் நிற்பது அதனால்தான். அந்த மாதங்களில் உங்கள் புகைபோக்கியின் புகை, நார்த்தூள், உமிக்கரி எல்லாம் கிழக்கே இருக்கும் ஊருக்குத்தான் போகும். வடகிழக்குப் பருவத்தில் காற்று திரும்பிவிடும். அப்போது மேற்கே, தென்மேற்கே இருப்பவர்கள் முறை. மார்கழி, தை விடியற்காலையில் காற்றே இருக்காது. பனிக்கு அடியில் புகை தரையோடு படுத்துக் கிடக்கும், பள்ளத்தில் இருக்கும் ஊரில் இன்னும் அதிகமாக.

ஆகவே ஊருக்கு மேற்கே நிலம் மலிவாகக் கிடைத்தால் இரண்டு தடவை யோசியுங்கள். பள்ளிக்கூடம், பால்வாடி, பட்டுப்புழு வளர்க்கும் கொட்டகை, கொப்பரைக் களம் எந்தத் திசையில், எவ்வளவு தூரத்தில் என்று குறித்துக்கொள்ளுங்கள். கொப்பரை காயும் களத்தில் கரித்தூள் படிந்தால் அந்தச் சரக்கு விலை போகாது. பெரிய ஆலைகளுக்குச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு செய்பவர்கள் வழக்கமாக மழைக்காலம் தவிர்த்த ஒரு பருவத்தில், மூன்று மாதம் அளவெடுப்பார்கள். நம் ஊரில் அது பாதி உண்மைதான். ஆடியில் ஒன்று, தையில் ஒன்று என இரண்டு பருவம் அளக்கச் சொல்லுங்கள். செலவு கூடும், பரவாயில்லை.

ஆறாவது: 'தரிசு' என்று எழுதிய நிலம்

காங்கேயம், தாராபுரம், மூலனூர்ப் பக்கம் கொறங்காடு என்று ஒரு மேய்ச்சல் நிலம் உண்டு. சுற்றிலும் முள்கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், நடுநடுவே வெள்வேல மரம். காங்கேயம் மாடும் மேச்சேரி ஆடும் இந்தப் புல்லில்தான் வளர்கின்றன. வருடா வருடம் ஏர் ஓட்டாத நிலம் என்பதால் வெளியூர்க்காரர் கண்ணுக்கும் காகிதத்துக்கும் அது தரிசு. வேலி ஓரம் குனிந்து பார்த்தால் தெரியும்: முள்ளுக்கு அடியில் கௌதாரி முட்டையிட்டிருக்கும், புல்லின் வேர் செம்மண்ணைப் பிடித்து வைத்திருக்கும், ஆடு ஒதுங்கும் வெள்வேல நிழலில் உதிர்ந்த காய்கள் கிடக்கும். அந்த வேலி தலைமுறை தலைமுறையாக நட்டு வளர்த்தது. பொக்லைன் வைத்துப் பிடுங்க அரை நாள் போதும். விளையாத நிலம் என்று யாராவது சொன்னால், அதில் என்ன மேய்கிறது என்று கேளுங்கள். 2022இல் அன்னூர்ப் பக்கம் தொழிற்பூங்காவுக்கு நிலம் எடுக்கும் பேச்சு வந்தபோது விவசாயிகள் தெருவில் இறங்கியதற்கும் இந்தக் கேள்விதான் அடிப்படை.

பறவைகளையும் பாருங்கள். ஈரோடு பக்கம் வெள்ளோடு பறவைகள் சரணாலயம் 2022இலும், திருப்பூரில் நல்லாற்று நீர் வந்து சேரும் நஞ்சராயன் குளம் 2024இலும், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தன. இவற்றுக்குத் தண்ணீர் கொண்டுவரும் பள்ளத்தில் உங்கள் நிலம் இருந்தால், தூரம் எவ்வளவு என்றாலும் வேண்டாம் என்பேன். சத்தியமங்கலம், ஆனைமலை, வெள்ளியங்கிரி அடிவாரப் பக்கம் யானை நடக்கும் வழியில் சுவர் எழுப்புவதைப் பற்றியும் இதே பதில்தான்.

சாலைக்கும் ஒரு பார்வை: உங்கள் லாரி எந்த ஊர் நடுவே போகும், பள்ளிக்கூட வாசல் வருமா, பாலம் எடை தாங்குமா. அபாயகரமான கழிவு உண்டாகும் தொழில் என்றால், அதைப் புதைக்கும் பொது இடங்கள் கும்மிடிப்பூண்டியிலும் விருதுநகர் மாவட்டத்திலும் இருக்கின்றன. அவ்வளவு தூரம் கொண்டு போகும் செலவையும் நிலத்தின் விலையோடு இப்போதே சேர்த்துக்கொள்ளுங்கள். பின்னால் மிச்சம் பிடிக்க நினைக்கும்போதுதான் ராத்திரி லாரி பள்ளத்துக்குப் போகிறது.

ஏழாவது: அனுமதியும் ஊர்க் கூட்டமும்

மேலே சொன்னதெல்லாம் முடிந்து இடம் தேறினால் அப்புறம் காகித வேலை. 1974ஆம் ஆண்டு நீர்ச் சட்டம், 1981ஆம் ஆண்டு காற்றுச் சட்டம் இரண்டின் கீழும் கட்டுவதற்கு முன் நிறுவுவதற்கான இசைவாணை, ஓட்டுவதற்கு முன் இயக்குவதற்கான இசைவாணை பொதுவாக வாங்க வேண்டும். சிமென்ட், காகிதம், சர்க்கரை, சாராய ஆலை, தோல் பதனிடுதல் போன்ற தொழில்கள் 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையில் வருகின்றன. அதற்கான அளவைத் தொட்டால் சுற்றுச்சூழல் அனுமதியும் வேண்டும். ஆலையைச் சுற்றி 10 கிலோமீட்டர் வட்டத்தைப் படித்து அறிக்கை எழுதுவார்கள். பொதுமக்கள் கருத்துக் கேட்பு தேவைப்படும் திட்டமென்றால் குறைந்தது 30 நாள் முன்னதாக அறிவிப்பு கொடுத்து, மாவட்ட ஆட்சியர் அல்லது அவர் சார்பில் வரும் உயர் அதிகாரி தலைமையில் கூட்டம் நடக்கும். அறிக்கையின் சுருக்கம் தமிழிலும் கிடைக்க வேண்டும். அனுமதி தப்பு என்று நினைப்பவர்கள் 30 நாளுக்குள் பசுமைத் தீர்ப்பாயம் போகலாம். தக்க காரணம் இருந்தால் மேலும் 60 நாள் வரை ஏற்பார்கள். தென்னிந்தியாவுக்கான அமர்வு சென்னையில் இருக்கிறது.

ஆனால் அந்தக் கூட்டத்தில் ஊர் முதல்முறையாக உங்களைப் பார்க்கக் கூடாது. சிறு ஆலைக்குக் கூட்டமே சட்டப்படி தேவையில்லாமல் இருக்கலாம். அப்போதும் போய்ப் பேசுங்கள். நிலத்துக்குக் கிழக்கே, கீழே இருக்கும் தோட்டக்காரர்களைத் தனித்தனியாக அவரவர் கட்டுத்தரையில் போய்ப் பாருங்கள். முதல் வேலையில் போட்ட கணக்குத் தாளைக் காட்டுங்கள், எதையும் மறைக்காமல். மழை பெய்தால் எங்கே தண்ணீர் நிற்கும், எந்தக் கிணறு எந்த வருடம் நிறைந்தது, எந்தத் திசையில் போர் போட்டால் புகை வந்தது என்று அவர்களுக்குத் தெரிந்தது எந்த அறிக்கையிலும் இருக்காது. அவர்கள் வேண்டாம் என்று சொல்லும் காரணம் உங்கள் கணக்கில் ஏற்கெனவே வந்திருக்கிறதா என்று பாருங்கள். வரவில்லையென்றால் கணக்கைத் திரும்பப் போடுங்கள்.

கடைசி வேலை: அஸ்திவாரத்துக்கு முன் ஒரு கண்காணிப்புக் கிணறு

நிலத்தின் தாழ்ந்த மூலையில், கழிவுத் தொட்டி வரப்போகும் இடத்துக்கும் பக்கத்துத் தோட்டத்துக்கும் நடுவே ஒரு கண்காணிப்புப் போர் போடுங்கள். மேட்டு மூலையில் இன்னொன்று, ஒப்பிட்டுப் பார்க்க. கடைக்கால் தோண்டுவதற்கு முன்பே, பக்கத்துத் தோட்டக்காரரை வரச் சொல்லி, அவர் கண் முன்னால் தண்ணீர் எடுங்கள். இரண்டு சுத்தமான பாட்டில். ஒன்று உங்கள் பெயரில் ஆய்வுக்கூடத்துக்கு, ஒன்று அவர் பெயரில் அவர் விரும்பும் ஆய்வுக்கூடத்துக்கு, இரண்டுக்கும் பணம் நீங்கள் கட்டுங்கள். மூடியில் தேதி எழுதி, இருவரும் கையெழுத்துப் போட்டு, வந்த முடிவுகளில் ஒரு நகலை அவர் வீட்டிலேயே கொடுத்துவிடுங்கள். அடுத்த சித்திரையில் மறுபடி அவரை அழைத்து, அதே இரண்டு போரிலிருந்தும் எடுங்கள்.